கடல் கடந்த கூலி

(கச்சிராயபாளையம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கரும்புத் தோட்டத்திலிருந்து நேரே வந்து, உடம்பில் ஒட்டிய சுணையின் அரிப்பு அடங்கு முன்னரே இங்கு அமர்ந்திருக்கும் தோழர்களே! கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் மலைநாட்டு உறவுகளே!

எனக்கு முன் பேசிய நண்பர், நான் நாட்டு நடப்புப் பற்றி நெடுநேரம் பேசுவேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நெடுநேரம் என்பது மெய். அதை மறுக்க மாட்டேன். ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. இரண்டே எழுத்து. நீங்கள் நாள்தோறும் நாவில் புழங்குகிற சொல். சனிக்கிழமை மாலையில் கேட்பதற்குச் சற்றுக் கூச்சப்படுகிற சொல். கேட்டும் கிடைக்காதபோது வீட்டில் அடுப்பை அணைத்துவிடுகிற சொல். கூலி!

'இதிலென்ன அய்யா அரசியல்?' என்று எவரேனும் கேட்கலாம். இதில் இல்லாத அரசியல் வேறெதில் இருக்கிறது?

தமிழ் மொழி உலகுக்குச் சில சொற்களைக் கொடுத்திருக்கிறது. மேடைகளில் நாம் பெருமையோடு அடுக்குகிறோம். கட்டுமரத்தைக் கண்டான் வெள்ளையன். மரத்தை விட்டுவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு போனான். சுருட்டைப் பற்றவைத்தான், புகை போயிற்று, பெயர் அவன் அகராதியில் தங்கிற்று. மிளகுத்தண்ணீரைக் குடித்தான், அதைச் சொல்லத் தெரியாமல் குதறி, ஏதோ ஒரு பெயராக்கி, இன்றைக்கும் லண்டன் உணவு விடுதியில் சூப்பு என்று விற்றுக்கொண்டிருக்கிறான். கைதட்டத் தகுந்த செய்திகள்தாம். ஆனால் இவற்றையெல்லாம் சேர்த்தாலும், நம்மிடமிருந்து புறப்பட்ட சொற்களில் உலகத்தின் பெரும்பகுதியை வலம் வந்த சொல் எது தெரியுமா? கட்டுமரம் அல்ல, கூலி. தமிழன் போன இடமெல்லாம் அது போயிற்று. தமிழன் போகாத இடத்துக்கும் போயிற்று. சீனத்துக்குப் போயிற்று, கியூபாவுக்குப் போயிற்று, ஜெர்மானியன் சட்டைப்பை வரைக்கும் போயிற்று. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டுக்குள் இந்தச் சொல் எப்படி இருந்தது என்று பார்ப்போம். கூலி என்றால் உழைப்புக்கு ஈடாகத் தரப்படுவது. அவ்வளவுதான். ஆளின் பெயரல்ல, ஆளுக்குச் சேரவேண்டிய பொருளின் பெயர். வள்ளுவர் இந்தச் சொல்லை எங்கே வைத்தார்? ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆவது குறளில் வைத்தார். தெய்வமே கைவிட்டாலும், உடல் வருந்தி உழைத்தவனுக்கு உழைப்பின் அளவுக்குப் பயன் உண்டு என்று சொல்ல வந்த இடத்தில், அந்தப் பயனுக்கு அவர் தேடிக்கொண்ட பெயர் கூலி! எண்ணிப் பாருங்கள். ஒரு தட்டில் தெய்வம். மறு தட்டில் கூலி. அத்தகைய மதிப்பான இடத்தில் இருந்த சொல் இது.

நம் அண்டை வீடுகளிலும் இதே சொல்தான். கன்னடத்தில் கூலி; தெலுங்கில் கூலி; மலையாளத்தில் கூலி; துளுவிலும் கூலி. பர்ரோ, எமனோ என்ற இரு அறிஞர்கள் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியில் இவையெல்லாம் ஒரு குடும்பமாக ஒரே வரிசையில் நிற்கின்றன. கடலுக்கு அப்பால் சிங்களத்தில் குலிய என்றால் வாடகை. வாடகை வீட்டுக்கு அங்கே இந்தச் சொல்தான் அடைமொழி. நாமும் வண்டிக்கூலி, படகுக்கூலி என்கிறோம் அல்லவா? நகைக்கடைக்குப் போனால் செய்கூலி, சேதாரம் என்கிறார்கள். செய்தவன் கைக்குச் சேதாரம்தான் மிஞ்சுகிறது என்பது வேறு விஷயம்! கேரளத்தில் ஒரு விந்தை. சுமையைத் தொடாமல், பிறர் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காக வாங்கப்பட்ட பணத்துக்கு நோக்குகூலி என்று பெயர். 2018இல் அந்த மாநில அரசு அதற்குத் தடை போட்டது. பார்த்ததற்கே கூலி கேட்டவர்கள் அவர்கள். பாடுபட்டதற்குக் கூலி கேட்கத் தயங்குகிறவர்கள் நாம்.

சொல்லோடு நிழலும் வளர்ந்தது. கைக்கூலி என்றால் இலஞ்சம். கூலிப்படை என்றால் காசுக்குக் கொலை செய்யும் கூட்டம். மனமில்லாமல் ஒரு வேலையைச் செய்தால், கூலிக்கு மாரடிக்கிறான் என்கிறோம். இறந்தவன் யாரென்றே அறியாமல் மார்பில் அறைந்துகொண்டு அழுகிற அந்த அம்மையாரைக் கேலி செய்கிறோம். அவளை அழவைத்து அழகு பார்த்த பணக்கார வீட்டைக் கேலி செய்யப் பழமொழி உண்டாக்கினோமா?

இங்கே ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டுப் போகவேண்டும். இந்தச் சொல் தமிழ்தானா என்று சிலர் ஐயம் எழுப்புகிறார்கள். குஜராத்தில் கோலி என்றொரு மக்கள் கூட்டம் உண்டு. மேற்குக் கடற்கரையில் இறங்கிய ஐரோப்பியர் அவர்களைச் சுமை தூக்க வைத்தார்கள். அந்த இனப்பெயரே ஆளின் பெயராகிப் பரவியது என்பது ஒரு கட்சி. துருக்கி மொழியில் குல் என்றால் அடிமை. அதுவும் இதில் கலந்தது என்பார் உண்டு. யூல் என்பவரும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பவரும் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, கோலியையும் கூலியையும் இரண்டையுமே எடுத்துவைத்து ஆராய்கிறது. நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன்; பட்டம் பெற்றவர்களுக்கிடையே நடுவராக நிற்பதற்கு எனக்கு யாரும் கூலி தரவில்லை. ஆயினும் என் கருத்தைச் சொல்கிறேன். மேற்குக் கரையில் கோலியும், கிழக்குக் கரையில் கூலியும் கப்பல்காரன் காதில் ஒன்றாக விழுந்திருக்கலாம். ஆனால் 'இன்ன வேலைக்கு இன்ன தொகை' என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறதே, அது கோலியில் இல்லை, குல்லில் இல்லை. நம் கூலியில் மட்டும்தான் இருக்கிறது. தமிழ் என்பதற்காக எல்லாவற்றையும் நமதென்று சொல்லிக்கொள்ள நான் வரவில்லை. கூலம் என்றால் தானியம், தானியமாகத் தரப்பட்டதால் கூலி என்று வந்தது என்று சொல்வாரும் உண்டு. அதை ஏற்க எனக்கு ஆசைதான். ஆசை சான்றாகாது, ஆகவே அதை அங்கேயே விடுகிறேன்.

இனிக் கேளுங்கள், இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கொடுமையை. பள்ளியில் தமிழாசிரியர் ஆகுபெயர் என்று ஓர் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார் அல்லவா? ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவது. ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளவர்கள் சிரித்தார்கள். துறைமுகத்தில் வெள்ளையன் நடத்திய ஆகுபெயர் என்ன? சுமை தூக்கியவன், 'கூலி' என்று கைநீட்டிக் கேட்டான். அவன் கேட்டது காசு. இவனோ, கேட்டவனுக்கே அதைப் பெயராக்கினான். காசைப் பைக்குள் வைத்துக்கொண்டான்; பெயரை மட்டும் கொடுத்தனுப்பினான்! உரிமையின் பெயர் ஆளின் பெயராயிற்று. ஆளின் பெயர் சரக்கின் பெயராயிற்று. அந்தச் சரக்கைக் கப்பலில் ஏற்றினார்கள்.

ஏன் ஏற்றினார்கள்? எதற்காக ஏற்றினார்கள்? இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. இதோ, கூப்பிடு தூரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்கிறது. சர்க்கரைக்காகத்தான் ஏற்றினார்கள்!

1833இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. நல்ல சட்டம். அதற்காக 2 கோடி பவுன் நட்ட ஈடு ஒதுக்கியது. யாருக்கு? சங்கிலியில் கிடந்தவனுக்கு என்று எண்ணுகிறீர்களா? இல்லை, சங்கிலியைப் பிடித்திருந்தவனுக்கு! ஆப்பிரிக்க மக்கள் விடுதலை பெற்றுக் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். தோட்டக்காரன் தவித்தான். ஜான் கிளாட்ஸ்டன் என்றொரு செல்வர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் தந்தை. தென் அமெரிக்காவில் டெமராராவில் அவருக்குத் தோட்டங்கள். 1836இல் கல்கத்தாவில் இருந்த ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: ஆள் வேண்டும். வந்த விடை என்ன? மலைவாழ் மக்கள் இருக்கிறார்கள், அனுப்பலாம் என்று விடை வந்தது. சோட்டா நாகபுரி மலைகளிலிருந்து இறங்கி வந்த தாங்கர் மக்களை அந்தக் கடிதம் குரங்கோடு ஒப்பிட்டது. உண்பதும் குடிப்பதும் உறங்குவதும் தவிர அவர்களுக்கு வேறு தேவை கிடையாது என்று பரிந்துரை செய்தது. எங்கே போகிறோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது என்பதை ஒரு வசதியாகவே எடுத்துச் சொல்லிற்று. அந்தக் காலத்து ஆவணங்களில் அவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? மலைக் கூலிகள்!

கல்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் இதை நெஞ்சில் குறித்துக்கொள்ளுங்கள். உலகக் கரும்புச் சந்தையில் கூலி என்ற பெயரோடு முதலில் விலைபோனவர்கள் உங்களைப் போன்ற மலைமக்கள். 1834 நவம்பர் 2ஆம் நாள், அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் மொரிசியஸ் தீவில் கரையேறினார்கள். 1838 மே 5ஆம் நாள் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் டெமராராவை அடைந்தன. பின்னாலே பாட்னா வந்தது, ஆற்காடு வந்தது, தஞ்சை வந்தது, திருச்சி வந்தது. 1853இல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் பிரெஞ்சுக்காரன் கப்பலில் மார்த்தினிக் தீவுக்குப் போனார்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையில் புறப்பட்ட துரூரோ என்ற கப்பல் 342 பேரோடு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் நின்றது. 1879இல் பிஜி. நேட்டாலுக்கு மட்டும் 1911 வரையில் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கற்பட்டு என்று அந்தக் கப்பல் பட்டியல்களில் மாவட்டப் பெயர்கள் நிரம்பிக் கிடக்கின்றன. தென் ஆற்காடு என்றால் எது? இந்தக் கள்ளக்குறிச்சியும் அதில் அடக்கம்தான். தனி மாவட்டம் என்ற தகுதி நமக்கு 2019இல்தானே வந்தது!

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம் எல்லாம் இருக்கும்; ஆனால் தோட்டத்துக்குப் போனபின் எண்தான் ஆள். நான் நாடகம் எழுதுகிறவன். பழைய நாடக ஏடுகளில் பாத்திரங்களின் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அரசர், அமைச்சர், தளபதி என்று தொடங்கி, கடைசியில் கூலியாள் 1, கூலியாள் 2 என்று முடியும். அந்தத் தோட்டங்களில் கூலியாள் 1 முதல் கூலியாள் ஒன்றரை இலட்சம் வரை இருந்தார்கள்; மேடையிலே அவர்களுக்கு வசனம் மட்டும் இல்லை.

கூலி எவ்வளவு? நேட்டாலில் முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங். அதன்பின் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். மொரிசியசில் மாதம் 5 ரூபாய். அதிலும் ஒரு தந்திரம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். இரட்டை வெட்டு என்று அதற்கே ஒரு பெயர். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவன், எழுந்தபோது தோட்டக்காரனுக்குக் கடன்காரன்! கூலி என்ற பெயர் ஆளிடம் ஒட்டிக்கொண்டது. கூலி என்ற பொருள் அவனை விட்டு ஓடிற்று. இதுதான் நான் சொல்லவந்த ஆகுபெயர்.

சீனத்தில் இந்தச் சொல் என்னவாயிற்று என்பது வியப்பான செய்தி. அவர்கள் எழுத்து, சொல்லின் ஒலியை மட்டும் காட்டாது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பொருள் சொல்லும். வெளிநாட்டானிடமிருந்து வந்த கூலி என்ற ஒலியை எழுத அவர்கள் தேர்ந்துகொண்ட இரண்டு எழுத்துகள் என்ன பொருள் தருகின்றன? முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம்; இரண்டாவது எழுத்துக்கு வலிமை. கசந்த வலிமை! எந்தப் புலவனும் மன்றம் கூட்டி இயற்றாத சொல்விளக்கம். அந்தக் கசந்த வலிமையை 1847 முதல் 1874 வரையில் ஏறத்தாழ 1,25,000 பேராக்கிக் கியூபாவின் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றினார்கள். அங்கும் கரும்பு! இனிப்பு விளைந்த இடமெல்லாம் இந்தக் கசப்பும் விளைந்திருக்கிறது. அமெரிக்காவில் 1862 பிப்ரவரியில் கூலி வாணிபத்தைத் தடுக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் செய்தது என்ன? கூலி எதிர்ப்பு என்ற பெயரால், வாணிபம் செய்தவனை விட்டுவிட்டு, வந்து உழைத்த சீனன் தலையில் மாத வரி போட்டது. டச்சுக்காரன் 1880இல் சுமத்திராவில் கூலிச் சட்டம் என்றே பெயரிட்டு ஒரு சட்டம் போட்டான். ஒப்பந்தத்தை மீறினால் சிறை. தாய்லாந்தில், வியத்நாமில், மலாயில், எங்கும் இதே சொல் சிறு மாற்றத்தோடு வழங்குகிறது.

ஜெர்மானியன் சட்டைப்பையை மறக்கவில்லை. அங்கே பந்துமுனைப் பேனாவுக்குச் செல்லப்பெயர் கூலி! அந்தப் பேனாவின் நீண்ட பெயரைச் சுருக்கியதாகவும் சொல்வார்கள். அதற்கும் முன்பே 1928இல் ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்று விற்ற எழுதுகோலுக்கு மைக்கூலி என்று பெயர். எழுதச் சொன்னால் எழுதும், எதிர்த்துப் பேசாது, மை தீர்ந்தால் எறிந்துவிடலாம். கூலி என்றால் யார் என்று அவன் எண்ணியிருந்தான் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? இந்தோனேசியாவில் பத்திரிகை எழுத்தாளர்களையே மைக்கூலி என்கிறார்கள். நம் நாளேட்டின் துணையாசிரியர்கள் கவனிப்பார்களாக! அந்த மொழியில் கல்லூரிப் பாடத்துக்கு குலியா என்று பெயர். அது அரபியிலிருந்து வந்தது, கூலிக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் படிப்பைப் பாதியில் விட்ட என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும், குலியாவுக்கும் கூலிக்கும் இடையே ஓர் எழுத்துத் தூரம்தான்.

சிரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

தென்னாப்பிரிக்காவில் கூலி என்பது வசைச்சொல்லாயிற்று. வணிகனும் கூலிதான், ஆசிரியனும் கூலிதான். 1893இல் அங்கே போன காந்தியாருக்கு வெள்ளையர் வைத்த பெயர் கூலி பாரிஸ்டர். மறு ஆண்டில் அவர் அறைக்குள் ஒருவர் வந்து நின்றார். கிழிந்த உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளையர் முன்னால் தலைப்பாகையோடு நிற்கக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். எசமான் அடித்த அடியில் பல் போயிருந்தது. அவர் பெயர் பாலசுந்தரம்; ஒப்பந்தத்தில் போன தமிழர். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று காந்தியார் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது அந்த முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை அவரே எழுதிவைத்திருக்கிறார். கூலி 1க்குப் பெயர் உண்டு என்று உலகம் அறிந்த நாள் அது. பின்னர் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவன் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும் என்றார்கள். மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கியவனுக்கு, அது ஆறு மாதக் கூலி! அந்த வரிக்கு எதிராக 1913இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை நிறுத்தம் வெடித்தது. அந்த அறப்போரில் சிறைபுகுந்து, 1914 பிப்ரவரியில் பதினாறே வயதில் உயிர்நீத்தாள் தில்லையாடி வள்ளியம்மை. அவ்வாண்டிலேயே வரி ஒழிந்தது. 1917இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதும் நின்றது.

மொரிசியசில் கப்பல் வந்து நின்ற படித்துறைக்குக் கூலி காட் என்று பெயர் இருந்தது. பின்னர் ஆப்பிரவாசி காட் என்று மாற்றினார்கள். 2006இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதே தீவின் கவிஞர் கால் டொராபுல்லி வேறு வழி கண்டார். வசையாக வந்த சொல்லைத் தூக்கி எறியவில்லை. கூலித்துவம் என்ற பொருள்பட ஒரு புதுச்சொல் ஆக்கி, 1992இல் அதையே நூலின் பெயரில் வைத்தார்.

இலங்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே மலைத்தோட்டத்தில் துண்டு என்றொரு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவன் பேரிலுள்ள கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை ஒரு துண்டுச்சீட்டு எழுதுவான். கடனை வாங்கியது பெரும்பாலும் கங்காணி. கழுத்தில் சுமந்தது தொழிலாளி. ஆளின் விலை துண்டுக் காகிதத்தில்! 1921இல் அதை ஒழித்தார்கள். 1948இல் குடியுரிமையையே பறித்தார்கள். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று மூட்டைபோல் பங்கு பிரித்தார்கள். நூற்றாண்டுக் காலம் கூலி என்று அழைக்கப்பட்ட அந்தத் தேயிலைத் தொழிலாளருக்கு, நாட்கூலி 1,000 ரூபாய் என்ற கோரிக்கை அரசாணையில் ஏறியது 2021இல்தான்.

வெள்ளையனையும் டச்சுக்காரனையும் ஏசிவிட்டு இறங்கிவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் நம் வீட்டுத் திண்ணையை யார் கூட்டுவது? ஆளுக்குக் கூலியின் பெயரை வைத்தவன் வெள்ளையன் மட்டும்தானா? பண்ணையில் உழைத்தவனைப் படியாள் என்றோமே, அது எந்த மொழி? படி என்பது நெல் அளக்கும் கருவி. அளக்கும் படியின் பெயரை ஆளுக்கு வைத்த ஆகுபெயர் நம்முடையது. படியாள் கேட்டது என்ன? படி நெல்லோடு இன்னுமோர் அரைப்படி. அதற்கு விடையாகக் கிடைத்தது 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசையும் தீயும். 44 உயிர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டில், 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நியாயம் என்ற சொல்லை எழுதுவதற்கு நமக்கு 44 பிணங்கள் வேண்டியிருந்தன.

இந்த மலைக்கு வருகிறேன். கூலிக்கு எதிர்ச்சொல் ஒன்று தமிழில் உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளிலேயே காண்கிறோம். கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு அது. பயனில்லாததை வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை என்கிறோமே, அந்த வெட்டியில் எத்தனை தலைமுறையின் வியர்வை ஊறியிருக்கிறது! நாடு 1947இல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆட்சி தொடர்ந்தது. மலையாளி மக்கள் அவர்களுக்கு வரியும் கொடுத்து, அவர்கள் நிலத்தில் வெட்டியும் செய்தார்கள். அந்த ஆட்சி முடிந்து மலை அரசின் கைக்கு வந்த ஆண்டு 1976. இருபத்தொன்பது ஆண்டு தாமதமாகத் தேசியக் கொடி மலையேறிற்று! அதே 1976இல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற சட்டமும் வந்தது. இதில் இருக்கும் முரணைப் பாருங்கள். உலகம் முழுவதும் எந்தச் சொல்லை வசை என்று கருதி மக்கள் உதறிக்கொண்டிருந்தார்களோ, அந்தச் சொல் இந்த மலையில் எட்டாத கனியாக இருந்தது. டர்பனில் ஒருவனைக் கூலி என்றால் அவமானம்; வெள்ளிமலையில் ஒருவன் 'என் கூலி எங்கே?' என்று கேட்க முடிந்திருந்தால் அது புரட்சி!

ஆகவேதான் பெயர் மாற்றத்தில் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. 2016இல் இரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில், நிலையங்களில் சுமை தூக்குவோரைக் கூலி என்று அழைக்காமல் சகாயக் என்று அழைப்போம் என்று அறிவித்தார்கள். சரி, மரியாதை நல்லதுதான். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆளிடமிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டீர்கள். கூலியை, அதாவது மாதம் பிறந்தால் உறுதியாகக் கைக்கு வரும் ஊதியத்தை, கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை. பழைய ஆகுபெயரைத் திருத்தியவர்கள் பாதி இலக்கணத்தோடு நின்றுவிட்டார்கள். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், செய்த வேலைக்கு 15 நாளுக்குள் கூலி தரவேண்டும் என்று எழுதிவைத்தது. இந்தக் கூட்டத்திலிருக்கும் தாய்மார்களில், பதினைந்தாம் நாள் வங்கிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை. கைகள் ஏற்கெனவே களைத்திருக்கின்றன.

கிடைக்கும் இடத்தைத் தேடி மக்கள் போகிறார்கள். கேரளத்துக்கும் குடகுக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். மேஸ்திரி முன்பணம் தருகிறான். அது பழைய கங்காணியின் கடனுக்குத் தம்பி. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் ஆந்திரக் காவலர்களின் துப்பாக்கிக்கு இரையானார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தவர்கள். செம்மரம் கோடிக்கணக்கில் விலைபோகிற பொருள். அதன் இலாபத்தில் பங்குபெற்றவன் எவனும் அந்தக் காட்டில் விழவில்லை. விழுந்தவர்கள் நாட்கூலிக்குப் போனவர்கள்.

கசப்பான இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், 2024 ஜூனில், 60க்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்தால் மாண்டார்கள். மிகப் பலர் அன்றாடக் கூலிக்காரர்கள். பகலெல்லாம் உழைத்து வாங்கிய கூலியை, மாலையில் உயிரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலை என்ன என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கேட்டது. நாம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. நம் கட்சித் தோழர்களைத்தான் சொல்கிறேன். கொடி கட்டுவதற்குக் காட்டும் சுறுசுறுப்பில் பாதியைக் கூலிக் கணக்குப் பார்ப்பதில் காட்டலாகாதா?

இந்த ஊரில் இப்போது நடக்கும் வேலை கரும்பு வெட்டு. அதற்கு நீங்கள் சொல்லும் பெயர் வெட்டுக்கூலி. அந்த ஒரு தொடருக்குள் இரண்டு காலமும் இருக்கின்றன: பின்பாதியைப் பிடுங்கிக்கொண்டால் முன்பாதி வெட்டியாகிவிடும்! டன்னுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். எத்தனை டன் என்று எடைமேடையில் எழுதுகிற சீட்டு யார் கையில் இருக்கிறது? வெட்டியவன் கையிலா, மேஸ்திரி கையிலா? கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வெட்டுகிறார்கள். ஒரு கத்திக்கு ஒரு கணக்கு என்று எழுதுகிறார்கள். இரண்டு கத்தி, நான்கு கை, ஒரு கூலி. அந்தக் கணக்கில் அம்மாவின் பெயர் எங்கே? முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு நிற்கிறது என்று எழுத்தில் தரச் சொன்னால், 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று மேஸ்திரி வருத்தப்படுகிறாராம். வருத்தப்படட்டும்.

கூட்டம் கலைந்தவுடன் யாரும் ஓடிவிடவேண்டாம். மேடைக்கு இடப்புறம், விளக்குக் கம்பத்தின் கீழே இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். எழுதத் தெரிந்த தோழர்கள் நால்வர் ஏட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர், தோட்டம், வெட்டிய நாள், பேசிய கூலி, கைக்கு வந்த கூலி, நிற்கிற முன்பணம், இவ்வளவும் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள். கணவனுக்கு ஒரு வரி, மனைவிக்குத் தனி வரி. எண் போடவேண்டாம், முழுப்பெயர் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மலைக்குப் போகவேண்டியவர்கள் முதலில் வரட்டும். கடைசிப் பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.